ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் (பி.ஏ.) படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் எந்த வேலையில் அனுபவம் சேர்ப்பது?

நீங்கள் கேட்டது இது: நியூ ஜெர்சியில் உயிரியலில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டீர்கள். ஒரு வருடமாக அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரைபாகக் குறிப்பெழுதி 900 மணி நேரம் சேர்த்திருக்கிறீர்கள். வரும் ஏப்ரலில் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட், சுருக்கமாக பி.ஏ., அதாவது டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துச் சிகிச்சை தருபவர் ஆவதற்கான படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த வேலைக்குப் போனால் சீக்கிரம் நிறைய அனுபவ மணி நேரம் சேரும், மொத்தம் எவ்வளவு இருந்தால் போதும் என்பது கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். சி.என்.ஏ., அதாவது சான்றிதழ் பெற்ற நர்சிங் உதவியாளர், வேலைக்குப் போகலாமா என்று பேச்செடுத்ததும் அம்மா "இதுக்கா உன்னைப் படிக்க வச்சோம்" என்று அழுதுவிட்டார் என்று. என்னைப் பொறுத்தவரை உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். மணிக்கணக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு, அம்மா அழுத இடத்துக்கு வருகிறேன்.

நான் டெக்சஸில் ஒரு மருத்துவமனையின் உள்நோயாளிகள் பிரிவில் 13 வருடமாக பி.ஏ.வாக வேலை பார்க்கிறேன். படிப்புக்கு முன் 2 வருடம் முதியோர் இல்லத்தில் சி.என்.ஏ.வாக, பெரும்பாலும் இரவு ஷிஃப்டில் இருந்தேன். கடந்த சில வருடங்களாக ஒரு கல்லூரியின் பி.ஏ. சேர்க்கை நேர்காணலிலும் உட்காருகிறேன். ஒரே ஒரு கல்லூரி. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பி.ஏ. படிப்புகள் 300க்கும் மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி விதி. அதனால் எது எழுதிவைத்த விதி, எது நான் பார்த்ததை வைத்துச் சொல்வது என்று பிரித்தே எழுதுகிறேன்.

மருத்துவக் கல்லூரிகள் இவ்வளவு வற்புறுத்தாத நோயாளி அனுபவத்தை பி.ஏ. படிப்புகள் ஏன் கேட்கின்றன என்பதில் இருந்து தொடங்கலாம். 1965ல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் இந்தப் படிப்பை ஆரம்பித்தபோது சேர்த்துக்கொண்டது நான்கு பேரை. நால்வரும் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்து திரும்பியவர்கள். காயத்துக்குக் கட்டுப் போடவும் ஊசி போடவும் பதறாமல் முடிவெடுக்கவும் ஏற்கெனவே தெரிந்தவர்கள். அவர்களுக்கு இரண்டு வருடத்தில் மருத்துவ அறிவைக் கொடுத்தால் போதும் என்பதுதான் திட்டமே. 1967 அக்டோபர் 6ஆம் தேதி மூன்று பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். ஆக, இந்தப் படிப்பு முதல் நாளிலிருந்தே நோயாளியைத் தொட்டுப் பழகியவர்களை மனதில் வைத்துச் செதுக்கியது. இன்றும் பெரும்பாலான படிப்புகள் 27 மாதம் அளவில்தான் முடிகின்றன. படித்து முடித்ததும் டாக்டர்களைப் போல மூன்று வருடமோ அதற்கு மேலோ ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. நோயாளியின் முன்னால் கூச்சம் போவதற்கும் பயம் தெளிவதற்கும் அந்த 27 மாதத்தில் நேரம் ஒதுக்கவில்லை. அதை நீங்கள் முன்பே முடித்துவிட்டு வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இப்போது விதி. விண்ணப்பம் பெரும்பாலும் கேஸ்பா என்ற பொது இணையதளம் வழியாகப் போகிறது. அதில் அனுபவத்தைப் பல பிரிவுகளில் போடலாம். உங்களுக்கு முக்கியம் இரண்டு. ஒன்று, நோயாளி பராமரிப்பு அனுபவம்: நோயாளியின் கவனிப்பில் உங்களுக்கு நேரடிப் பொறுப்பு இருந்த வேலை. மற்றது, சுகாதாரத் துறை அனுபவம்: அந்தத் துறையில்தான் இருந்தீர்கள், நோயாளிகளைப் பார்த்தீர்கள், ஆனால் பொறுப்பு உங்கள் கையில் இல்லை. ஒரே மணி நேரத்தை இரண்டு பிரிவிலும் போட முடியாது. அருகில் இருந்து பார்ப்பது, அதாவது ஷேடோயிங், தனிப் பிரிவு. மருத்துவத் துறைக்கு வெளியே செய்த தொண்டும் ஆய்வு வேலையும் வேறு பிரிவுகள்.

உங்கள் 900 மணி நேரம் எதில் சேரும்? கேஸ்பாவின் விளக்கத்தில் ஸ்க்ரைப் வேலை இரண்டாவது பிரிவில் வருகிறது. சில கல்லூரிகள் அதை நோயாளி பராமரிப்பாக எடுத்துக்கொள்கின்றன, பல எடுத்துக்கொள்வதில்லை. இதில் பொதுவான பதில் என்று ஒன்று கிடையாது. நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் போய்ப் பார்க்க வேண்டும், தெளிவாக இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு அந்தப் பதிலைச் சேமித்துவைக்க வேண்டும். அந்த 900 மணி நேரம் வீண் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு டாக்டர் நெஞ்சுவலிக்காரரிடம் எந்த வரிசையில் கேள்வி கேட்கிறார், எதைக் கேட்டதும் முகம் மாறுகிறது, எந்த ரத்தப் பரிசோதனையை எதற்குக் கேட்கிறார் என்பதையெல்லாம் ஒரு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்கள். சி.என்.ஏ.க்களுக்கு அது கிடைக்காது. உங்களிடம் இல்லாதது வேறு: உங்கள் கை இன்னும் எந்த நோயாளியின் மேலும் பட்டதில்லை.

எத்தனை மணி நேரம் வேண்டும்? குறைந்தபட்சம் 500 கேட்கும் கல்லூரிகள் உண்டு, 1,000 கேட்பவை உண்டு, 2,000 கேட்பவையும் உண்டு. எண் எதுவும் சொல்லாமல் "இருந்தால் நல்லது" என்று மட்டும் எழுதியிருக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. வாரம் 40 மணி வீதம் ஒரு வருடம் முழுநேரம் வேலை பார்த்தால் 2,080 வரும். அதனால்தான் பலர் "2,000 இருந்தால் பாதுகாப்பு" என்று சொல்கிறார்கள். அது யாரும் போட்ட விதி இல்லை, ஒரு வருட முழுநேர வேலையின் கணக்கு. கல்லூரி இணையதளங்களில் "சேர்ந்த மாணவர்களின் சராசரி அனுபவம்" என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மிரண்டுவிட வேண்டாம். பத்துப் பேர் வகுப்பில் ஒன்பது பேர் ஆளுக்கு 1,500 மணி நேரமும், பத்து வருடம் ஆம்புலன்சில் பாராமெடிக்காக ஓடிய ஒருவர் 16,500 மணி நேரமும் வைத்திருந்தால் சராசரி 3,000 என்று வரும். வகுப்பில் ஒன்பது பேரிடம் அதில் பாதிதான் இருக்கிறது, ஆனால் இணையதளத்தில் 3,000 என்று இருக்கும். நடு எண் (மீடியன், எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் எண்) கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். கொடுக்கவில்லையென்றால் குறைந்தபட்ச எண்ணைத் தாண்டிவிட்டோமா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: மதிப்பெண் குறைந்த இடத்தை மணி நேரத்தால் நிரப்ப முடியாது. பல கல்லூரிகள் ஜி.பி.ஏ., அதாவது நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 3.0க்குக் கீழே இருந்தால் விண்ணப்பத்தைத் திறப்பதே இல்லை. ஒரு பாடத்தை மறுபடி எடுத்துப் படித்தாலும் கேஸ்பா பழைய மதிப்பெண்ணையும் சேர்த்தே கணக்கிடும். உங்களுக்கு 3.5 இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதனால் இதைக் கடந்து போகிறேன்.

சரி, அம்மா.

அவர் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. எங்கள் ஊரில் ஆயா வேலை என்பார்கள். "பொறியியல் படிச்ச பொண்ணு வெள்ளைக்காரக் கிழவிக்கு டயப்பர் மாத்துறா" என்று ஊரில் யாரோ சொன்னதை அத்தை தொலைபேசியில் என்னிடமே சொன்னார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்றால் நம் ஊரில் சொல்கிற மாதிரி சின்னத் தனியார் மருத்துவமனை இல்லை. தனியே இருக்க முடியாத முதியவர்களும், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் தேறவேண்டியவர்களும் தங்கும் இடம். அங்கே டாக்டர் தினமும் வருவதில்லை. நர்சுக்கு ஒரு ஷிஃப்டில் இருபது முப்பது பேர் இருப்பார்கள். ஒரு முதியவரின் உடம்பை முழுதாக, துணியில்லாமல், தினமும் பார்ப்பது சி.என்.ஏ. மட்டும்தான். குதிகாலில் ஒரு சிவப்புத் திட்டு. விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். டயப்பரைத் திறக்கும்போது மலம் தார் மாதிரிக் கறுத்து, ஒருமுறை முகர்ந்தால் ஜென்மத்துக்கும் மறக்காத ஒரு வாடையோடு இருந்தால், வயிற்றுக்குள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது. நேற்று வரை தெளிவாக இருந்த சிறுநீர் இன்று கலங்கி, பாட்டி பேத்தியின் பெயரை மறந்து பேசினால் நோய்த்தொற்று இருக்கலாம். அம்மா அசிங்கம் என்று நினைப்பதுதான் அங்கே தகவல். இன்று நான் வார்டில் ஒரு நோயாளிக்கு ரத்தக்கசிவு சந்தேகம் என்று எழுதுவதற்கு முன் கேட்கும் முதல் ஆள், அவருக்குக் காலையில் துடைத்துவிட்ட உதவியாளர்தான்.

ஓர் இரவைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லோருக்கும் ப்ரெஷர், நாடி, காய்ச்சல், ஆக்சிஜன் பார்த்துக் குறிக்க வேண்டும். இதெல்லாம் இயந்திரம் காட்டிவிடும். மூச்சு எண்ணிக்கையை மட்டும் இயந்திரம் காட்டாது, கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். யாரும் எண்ணுவதில்லை. எல்லோருக்கும் 18 என்று எழுதிவிடுவார்கள். நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் எழுதினேன், அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஒரு மூத்த நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: நாடி பார்ப்பது மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொள், ஆனால் கண் மார்பில் இருக்கட்டும், எண்ணுகிறாய் என்று தெரிந்தால் அவர்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள், ஒரு நிமிடம் முழுசாக எண்ணு. அன்று ஓர் அம்மாளுக்கு அப்படி எண்ணினேன். 28 வந்தது. காய்ச்சல் இல்லை, ப்ரெஷர் சரி, ஆக்சிஜன் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். முந்தின இரவு சாப்பாட்டைத் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும், தட்டை எடுத்தது நான்தான். நர்சைக் கூப்பிட்டேன். அவர் வந்து எண்ணினார், 30. அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ். நிமோனியா. பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, எனக்கு ஆரஞ்சுப் பழம் ஒன்றைக் கொடுத்தார்.

நோயாளி பராமரிப்பு அனுபவம் என்று கல்லூரிகள் எழுதுகிறபோது கேட்பது இதைத்தான் என்பது என் எண்ணம். ஒரு மனிதரை நேற்றும் பார்த்திருக்க வேண்டும், இன்றும் பார்க்க வேண்டும், மாறியிருப்பதை நீங்கள் கவனிக்க வேண்டும், அதை உங்களுக்கு மேலே உள்ளவரிடம் அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். எந்த வேலையில் இந்த நான்கும் கிடைக்குமோ அது நல்ல வேலை. இது என் கருத்து, எந்த விதியிலும் எழுதியிருக்காது. ஆனால் நேர்காணலில் இதன் விளைவைப் பார்த்திருக்கிறேன். 4,000 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்த ஒருவரிடம் "உங்களுக்கு நினைவில் நிற்கும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டோம். குழுவாகச் செயல்படுவது, பரிவு என்றெல்லாம் பேசினார், கடைசிவரை ஓர் ஆள் வரவே இல்லை. அதே நாளில் 1,200 மணி நேரம் மட்டும் வைத்திருந்த இன்னொருவர், குளிக்க மறுத்துக்கொண்டே இருந்த ஒரு முதியவரைப் பற்றிச் சொன்னார். தண்ணீர் தலையில் விழுந்தால் அவருக்குப் பயம் என்பதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது என்றும், பிறகு கழுத்துக்குக் கீழே மட்டும் கைக்குழாயால் ஊற்றியதாகவும் சொன்னார். யாருக்கு நாங்கள் அதிக மதிப்பெண் போட்டோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மற்ற வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் பேஷண்ட் கேர் டெக்னீஷியன் என்று எடுப்பார்கள். சி.என்.ஏ. வேலையோடு சுகர் பார்ப்பது, இ.சி.ஜி. எடுப்பது எல்லாம் சேரும். 12 மணி நேர ஷிஃப்ட், வாரம் மூன்று நாள். நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பிவிடுவார்கள், ஆனால் நோயின் வகை அதிகம், பி.ஏ.க்களும் கண்ணெதிரே வேலை பார்ப்பார்கள். கிடைத்தால் இதை முதலில் எடுங்கள். இ.எம்.டி., அதாவது ஆம்புலன்சில் போகும் அவசர மருத்துவ உதவியாளர், பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடிக்கும், தேசியத் தேர்வும் உண்டு. உங்கள் மாநிலத்தில் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுக்கள் நிறைய ஊர்களில் இருக்கின்றன. 911 அவசர அழைப்புக்குப் போகும் குழுவா, டயாலிசிசுக்கு நோயாளிகளை ஏற்றி இறக்கும் நிறுவனமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு அனுபவம். கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலை பல மாநிலங்களில் சான்றிதழ் இல்லாமலேயே கிடைக்கும். ஊசி போடக் கற்றுக்கொடுக்கும் கிளினிக் என்றால் அருமை, நாள் முழுக்கத் தொலைபேசி எடுக்க வைக்கும் கிளினிக் என்றால் பெயர்தான் மெடிக்கல் அசிஸ்டென்ட், வேலை வரவேற்பாளர். ரத்தம் எடுக்கும் ஃபிளெபாட்டமிஸ்ட் வேலையில் கை நன்றாகப் பழகும், ஒருவரோடு மூன்று நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டீர்கள். கலிஃபோர்னியா மாதிரிச் சில மாநிலங்களில் அதற்கு உரிமம் வேண்டும்.

வேலையின் பெயரைவிட அதில் அன்றாடம் என்ன செய்தீர்கள் என்பதுதான் தேர்வுக் குழுவுக்குத் தேவை. கேஸ்பாவில் ஒவ்வோர் அனுபவத்துக்கும் 600 எழுத்து இடம் இருக்கும். "நோயாளிகளுக்கு உதவினேன்" என்று எழுதி அதை வீணாக்காதீர்கள். ஒரு ஷிஃப்டில் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன செய்தீர்கள், யாரிடம் என்ன தெரிவித்தீர்கள் என்று எழுதுங்கள்.

இதற்காக முதல் நாளிலிருந்தே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர், அறை எண், பிறந்த தேதி எதுவும் அதில் வரவே கூடாது. அது சட்டம், வேலையே போய்விடும். தேதி, நான் கண்டது, நான் செய்தது, எனக்குப் புரியாதது என்று நான்கு வரி போதும். வீட்டுக்கு வந்து அந்தப் புரியாததைப் படியுங்கள். ஏழெட்டு மாதம் கழித்துத் தன்விளக்கக் கட்டுரை எழுத உட்காரும்போது 5,000 எழுத்தில் என்ன சொல்வது என்று திணற மாட்டீர்கள்.

இன்னொரு விஷயம், நம் சமூகத்தில் இது நடப்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன். தெரிந்த டாக்டர் அங்கிள் ஒருவர் இருப்பார், "என் கிளினிக்குக்கு வாம்மா, வந்து போ, 1,000 மணி நேரம்னு எழுதித் தர்றேன்" என்பார். அன்போடுதான் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வோர் அனுபவத்துக்கும் மேற்பார்வையாளரின் தொடர்பு விவரத்தை விண்ணப்பத்தில் கேட்கிறார்கள், கல்லூரி கூப்பிட்டு விசாரிக்கலாம். மாட்டிக்கொண்டால் அந்த ஒரு கல்லூரியோடு போகாது. மாட்டிக்கொள்ளாவிட்டாலும், செய்யாத 1,000 மணி நேரத்தின் பாரம் என்றாவது ஒரு நோயாளி மேல்தான் இறங்கும். அங்கிளின் கிளினிக்கில் உண்மையாகவே வேலை பார்த்து, சம்பளச் சீட்டோடு மணி நேரத்தைக் கணக்கு வைத்தால் எந்தத் தவறும் இல்லை. பரிந்துரைக் கடிதத்தை மட்டும் குடும்ப நண்பரிடம் வாங்காமல், உங்களை வேலையில் பார்த்த நர்ஸ் மேலாளரிடமோ பி.ஏ.விடமோ வாங்குங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு விஷயம். கேள்வி கேட்டவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், அவருக்கு இது பொருந்தாது. எஃப்-1 விசா மாணவர்கள் படிப்போடு தொடர்புள்ள வேலையை அனுமதி பெற்றுத்தான் செய்ய முடியும், எச்-4 என்ற குடும்ப விசாவில் இருப்பவர்கள் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காவிட்டால் பரவாயில்லை என்று நினைத்து, மற்றவர் சம்பளத்துக்குச் செய்யும் வேலையைத் தொண்டாகச் செய்வதும் சிக்கலில் விடலாம். உங்கள் நிலையைச் சொல்லி குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், நான் வழக்கறிஞர் இல்லை. அடுத்தது, தமிழ்நாட்டில் பி.எஸ்சி. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படித்துவிட்டு வந்தவர்கள் அடிக்கடி கேட்பது. பெயர் ஒன்றுதான், ஆனால் அந்தப் பட்டத்தோடு இங்கே உரிமத் தேர்வு எழுத முடியாது. இங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவர்கள்தான் எழுதலாம். அங்கே நோயாளிகளோடு வேலை பார்த்த மணி நேரத்தை விண்ணப்பத்தில் தாராளமாகப் போடுங்கள். பிசியோதெரபி, பல் மருத்துவம், நர்சிங் முடித்து ஊரில் வேலை பார்த்தவர்களுக்கும் இதே பதில். அதை எவ்வளவு மதிப்பது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆறு மாதமாவது அமெரிக்க வேலையும் சேர்ந்திருந்தால் நேர்காணலில் கேள்வி குறையும் என்பது என் அனுபவம்.

மறுபடி உங்களிடம் வருகிறேன். சி.என்.ஏ. பயிற்சிக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச விதி 75 மணி நேரம். உங்கள் மாநிலம் அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறது, கலிஃபோர்னியா 160 கேட்கிறது. பணம் கட்டிச் சேருவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: பயிற்சி தொடங்கும்போதே ஒரு நர்சிங் ஹோம் உங்களுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தால், அந்தப் பயிற்சிக்கு உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது மத்திய விதி. நீங்களே பணம் கட்டிப் படித்துவிட்டு ஒரு வருடத்துக்குள் அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்தாலும், செலவைத் திரும்பப் பெற மாநிலம் வழி செய்ய வேண்டும். அதனால் பயிற்சிப் பள்ளியைத் தேடும் முன், பக்கத்தில் உள்ள நர்சிங் ஹோம்களைக் கூப்பிட்டு "பயிற்சியும் தருவீர்களா" என்று கேளுங்கள்.

இடத்தைப் போய்ப் பார்த்து முடிவெடுங்கள். உள்ளே நுழைந்ததும் வாடை எப்படி இருக்கிறது, அழைப்பு மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் போகிறார், ஒரு சி.என்.ஏ.வுக்கு எத்தனை பேர் என்று கவனியுங்கள். பகலில் பத்துப் பேருக்கு மேல் கொடுக்கும் இடத்தில் உங்களால் யாரையும் கவனிக்க முடியாது, ஓடத்தான் முடியும். யாரையும் தனியாகத் தூக்காதீர்கள். இடுப்புப் பட்டை கட்டி, இரண்டாவது ஆளைக் கூப்பிட்டுத்தான் எழுப்ப வேண்டும். அவசரத்தில் தனியாகத் தூக்கி முதுகு போனவர்கள் என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே மூன்று பேர். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எல்லாத் தவணையும் போட்டாயிற்றா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி வரும். ஜூலைக்குள் பயிற்சியும் தேர்வும் முடித்து ஆகஸ்ட் நடுவில் வேலைக்குச் சேர்ந்தால், கேஸ்பா திறக்கும் ஏப்ரல் கடைசி வரை சுமார் 36 வாரம். வாரம் மூன்று 12 மணி நேர ஷிஃப்ட், 36 மணி. மொத்தம் 1,296. காய்ச்சல், விடுமுறை எல்லாம் கழித்தால் 1,200. ஸ்க்ரைப் மணி நேரம் 900 தனிப் பிரிவில் இருக்கும். 2,000 கேட்கும் கல்லூரிகளை இந்த வருடம் விட்டுவிடுங்கள், 1,000 வரை கேட்பவற்றுக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை அனுப்பும் நாள் வரை முடித்த மணி நேரத்தை மட்டும்தான் எழுத வேண்டும், இனிமேல் செய்யப்போவதைக் கூட்டிப் போடக் கூடாது. பல கல்லூரிகள் விண்ணப்பங்களை வந்த வரிசையில் எடுத்துப் பார்க்கின்றன, அதனால் ஜூனுக்குப் பிறகும் மணி நேரம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இடையில் ஒரு பி.ஏ.வோடு நான்கைந்து நாள் ஷேடோயிங் செய்துவிடுங்கள், அவசர சிகிச்சைப் பிரிவில் உங்களுக்குத் தெரிந்த பி.ஏ. கட்டாயம் இருப்பார்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது கூட இருந்து பார்த்துக்கொண்டது யார் என்று மட்டும் கேளுங்கள். என் வீட்டில் அது அம்மாதான். ஆச்சியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டு, ஏழு மாதம் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டார். அதை நான் என் அம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பாதத்துக்கு அடியில தலகாணி வைக்கிறாங்களா அங்க?" என்று கேட்டார். குதிகால் படுக்கையில் அழுந்தாமல் இருக்கக் கெண்டைக்காலுக்குக் கீழே வைப்போம் என்று சொன்னேன். "அதான் சரி" என்றார்.